பிள்ளை பார்க்க வந்த பெயர்கள்

தொட்டிக்காட்டூரில் யாரும் பிள்ளைக்குப் பெயர் வைப்பதில்லை. பெயர்தான் வந்து பிள்ளையைப் பார்க்கும். பிடித்திருந்தால் தங்கும். பிடிக்காவிட்டால் பலகாரத்தைத் தின்றுவிட்டு, "போய்ச் சொல்லி அனுப்பறோம்" என்று எழுந்து போகும். சொல்லி அனுப்பாது. அதுவும் வழக்கம்தான்.

செங்கோடனுக்குப் பெண் பிறந்தபோதும் அப்படித்தான் ஏற்பாடு நடந்தது. வாசல் தெளித்தார்கள். எதிர்வீட்டு டெய்லரிடம் பிளாஸ்டிக் நாற்காலி இரவல் வாங்கினார்கள். அவன் மனைவி கோகிலா வாழைக்காய் சீவி வைத்து, பிள்ளைக்குப் பவுடர் போட்டு, கன்னத்தில் மை வைத்து, வருகிற பெயரின் கண்ணில் படும்படி நடு வீட்டில் பாய் விரித்துக் கிடத்தினாள்.

பெயர் அவசரமாகத் தேவைப்பட்டது. ஆட்கள் கூப்பிடுவதற்காக அல்ல. அதற்கு "ஏபுள்ள" என்பதே தாராளம். உறக்கத்துக்காகத் தேவைப்பட்டது. அந்த ஊரில் விளக்கு வைக்கும் நேரத்துக்கு உறக்கம் மேற்குத் தெருவில் கிளம்பும். ஒவ்வொரு வாசலிலும் நின்று, வீட்டிலிருப்பவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடும். அது கூப்பிட்டவர்கள் தூங்குவார்கள். மேற்குத் தெருவில் முதல் வீடே செங்கோடன் வீடுதான். உறக்கம் வரும், "செங்கோடா" என்னும், "கோகிலா" என்னும், பாயில் கிடப்பதைப் பார்க்கும், ஒன்றும் சொல்லாமல் அடுத்த வீட்டுக்குப் போய்விடும்.

கூப்பிடாத பிள்ளை தூங்காது. தூங்காத பிள்ளை வளராது. செங்கோடனின் மகள் பிறந்ததிலிருந்து கண்ணை மூடவில்லை. அழவும் இல்லை. கூரை ஓட்டைப் பார்த்தபடி கிடந்தாள். பிறந்த அன்று கட்டிய அரைஞாண்கயிறு ஒரு நூலளவுகூட இறுகவில்லை. கோகிலா தினமும் அந்தக் கயிற்றுக்குள் விரலை விட்டுப் பார்ப்பாள். விரல் அதே இடத்தில்தான் போய் வரும். கையை எடுத்து முந்தானையில் துடைத்துக்கொண்டு புருஷனைப் பார்ப்பாள். அந்தப் பார்வை வந்ததும் செங்கோடன் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விடுவான்.

மற்ற எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தான். அவன் மாட்டுத் தரகன். பள்ளிக்கூடத்தின் கூரையை வெளியில் இருந்துதான் பார்த்தவன். சந்தையில் மாடு உதைத்தும் மனிதன் உதைத்தும் கற்றுக்கொண்டதுதான் அவன் படிப்பு. அதன் சாரம் கொஞ்சம்தான். எதைப் பார்த்தாலும் முதலில் குறை சொல். பிறகு முதுகைக் காட்டி நட. எதிராளி கூப்பிடும்வரை திரும்பாதே. முதல் பேச்சுக்குத் தலையாட்டியவன் நடுத்தெருவில்தான் நின்றிருக்கிறான் என்று செங்கோடன் யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுவான். கேட்காதவர்களிடமும் சொல்லுவான். கோகிலாவைப் பெண் பார்க்கப் போனபோதுகூட "வலது கண்ணு லேசா மாறுது" என்று சொல்லிவிட்டுத்தான் காபியைக் குடித்தான்.

முதலில் வந்த பெயர் இளவேனில். டவுன் பஸ்ஸில் தனியாக வந்து இறங்கியது. குடையை மடக்கிச் சுவரோரம் சாத்திவிட்டு, செருப்பை ஒழுங்காகக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்தது. நாற்காலியில் உட்காராமல் பாயிலேயே பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது. ஓட்டைப் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளை கண்ணைத் திருப்பி அதைப் பார்த்தாள்.

"இருக்கலாம்னு தோணுதுங்க" என்றது பெயர்.

கோகிலா தட்டில் இன்னும் இரண்டு பஜ்ஜி வைத்தாள். அந்த இடத்தில் செங்கோடன் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் கதை முடிந்திருக்கும். முப்பது வருஷத் தொழில் விடுமா?

"கொஞ்சம் வாயைத் திறங்க" என்றான்.

"எதுக்குங்க?"

"பல்லுப் பாக்கணும்."

பெயர் வாயைத் திறந்தது. செங்கோடன் கட்டைவிரலால் அதன் உதட்டைத் தூக்கிப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினான்.

"கடவாப்பல்லு தேஞ்சிருக்குதே. இதுக்கு முன்னால எத்தன வீடு?"

"மூணு வீடுங்க. எல்லாரும் சௌக்கியமா இருக்காங்க."

"அப்பப் புதுசில்ல. சரி, வாசல் வரைக்கும் ஒரு நடை நடந்து காட்டுங்க."

பெயர் நடந்து காட்டியது. செங்கோடன் தலையைச் சாய்த்துப் பார்த்து உச்சுக் கொட்டினான். "பின்னால இழுக்குது."

"என் நடையே அதானுங்க."

அவன் தோளிலிருந்த துண்டை உதறிக் கைமேல் போட்டு நீட்டினான். சந்தையில் விலை பேசுவது வாயால் இல்லை. துண்டுக்கடியில் விரலைப் பிடித்துத்தான் பேசுவார்கள். இளவேனில் சந்தை பார்த்ததில்லை. நன்றி சொல்லிவிட்டு, கையிலிருந்த பஜ்ஜி எண்ணெயை அந்தத் துண்டில் துடைத்துக்கொண்டது.

"கை துடைக்கறதுக்கில்லீங்க. உள்ளார விரலைக் குடுங்க. வெறும் பேரு மட்டும் வந்தா எனக்கு எப்படிக் கட்டுப்படியாகும்? எம்பது வயசு ஆயுசு, சர்க்கார் வேலை, இடுப்புக்குக் கீழ தொங்கற மாதிரி சடை. இது மூணும் சேத்திச் சொல்லுங்க."

"நான் பேருதானுங்க. அதெல்லாம் புள்ளை பாத்துக்கும்."

"கட்டுப்படியாகாது" என்றான் செங்கோடன். துண்டை உதறித் தோளில் போட்டான். முதுகைக் காட்டிக் கிணற்றுமேட்டுப் பக்கமாக நடந்தான். பின்னால் இருந்து 'அட, நில்லுங்க' என்ற சத்தம் இதோ வரும், இதோ வரும் என்று காதைத் தீட்டிக்கொண்டே போனான். செருப்புப் போடும் சத்தம் வந்தது. குடை விரியும் சத்தம் வந்தது. கிணறு வந்துவிட்டதால் திரும்பினான். இளவேனில் தெருவைத் தாண்டி டெய்லர் வீட்டுக்குள் போய்க்கொண்டிருந்தது. அங்கேயும் ஒரு பிள்ளை பிறந்திருந்தது.

அன்று விளக்கு வைத்ததும் உறக்கம் எதிர்வாசலில் நின்று, "இளவேனில்" என்று கூப்பிட்டது. டெய்லர் வீட்டுப் பிள்ளை தூங்கி, விடிவதற்குள் ஒரு விரற்கடை வளர்ந்தது.

"அந்தப் பேரு என்னத் திரும்பக் கூப்புடும்னு பாத்தேன்" என்றான் செங்கோடன்.

"அது என்ன மாடு விக்கவா வந்துச்சு? பாய்ல உக்காந்துச்சுங்க. எந்தப் பேராவது பாய்ல உக்காருமா? அதும் பல்லைப் போயிப் புடிச்சுப் பாத்தீங்களே, நல்லா இருப்பீங்களா?" என்றாள் கோகிலா. அன்றிலிருந்து அவனுக்குத் தண்ணீர்ச் சொம்பைக் கையில் கொடுப்பதில்லை. தரையில்தான் வைத்தாள்.

அதன் பிறகு பாலுச்சாமி என்ற பெயர்த்தரகனிடம் சொன்னார்கள். தரகனுக்கே ஒரு தரகனா என்று செங்கோடனுக்கு உள்ளுக்குள் எரிந்தது. பாலுச்சாமி சந்தனப்பொட்டும் சிரிப்புமாக வந்தான். "இப்ப எல்லாம் நல்ல பேருங்க ரொம்பத் தெளிவா இருக்குதுங்க அண்ணா. ஆளைப் பாக்கறதுக்கு முன்னாடி வீட்டைப் பாக்குது" என்றான்.

வந்தன. காரில் வந்தன. தன்ஷிவிகா என்று ஒரு பெயர். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தது. எண் ஜோதிடத்துக்காகச் சேர்த்த உபரி எழுத்துகளைப் பெட்டியில் வைத்துத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓர் ஆள் வந்தான். நாற்காலியைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தது. பிள்ளையைப் பார்க்கவில்லை. மாட்டுக்கொட்டகையைப் பார்த்தது.

"இந்த வாசம் எப்பவுமே இருக்குமா?"

"மாடு இருக்கற வரைக்கும் இருக்கும்" என்றான் செங்கோடன்.

"எங்க சொந்தத்துல எல்லாருமே அப்பார்ட்மென்ட்லதான் இருக்கோம். என் தங்கச்சி நிஷ்விதா சிங்கப்பூர்ல ஒரு பாப்பாகிட்ட இருக்கா. இந்தப் பாப்பா எந்த ஸ்கூலுக்குப் போவா? கொஞ்சம் சிரிக்கச் சொல்லுங்களேன், பாக்கறேன்."

"அவ பொறந்ததுல இருந்து தூங்கலீங்க. நீங்க சரின்னு சொன்னா இன்னிக்குத் தூங்குவா" என்றாள் கோகிலா.

"அவசரப்பட முடியாது. இதுக்கப்பறம் ரெண்டு வீடு பாக்க வேண்டியிருக்கு" என்றது தன்ஷிவிகா. பஜ்ஜியின் மேல்மாவை மட்டும் உரித்துத் தின்றுவிட்டு வாழைக்காயைத் தட்டிலேயே வைத்தது.

செங்கோடனுக்கு மூக்கு விடைத்தது. "ஏனுங்க, உங்க அர்த்தம் என்னங்க?"

பெயர் பின்னால் நின்ற ஆளைப் பார்த்தது. அவன் பெட்டியைத் திறந்து கிளறினான். "வண்டியில இருக்கும்" என்றான். வண்டிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "வீட்ல வெச்சுட்டு வந்துட்டோம்" என்றான்.

ஓர் அர்த்தமும் இல்லாத பெயர்களுக்குத்தான் அத்தனை திமிர். அர்த்தம் இருக்கிற பெயர்களாவது எதையாவது சுமந்துகொண்டு நடக்கின்றன, முதுகு வளைகிறது. இவை காற்றடித்த பலூன். தன்ஷிவிகா போய்ச் சொல்லி அனுப்புவதாகச் சொன்னது. அடுத்து வந்தது தொட்டிலுக்கு வேறு பெயிண்ட் அடிக்கச் சொன்னது. இன்னொன்று ஏற்கெனவே நான்கு வீட்டில் வாக்குக் கொடுத்துவிட்டுப் பலகாரத்துக்காகவே ஊர் ஊராகச் சுற்றுவது பிறகுதான் தெரிந்தது. வாழைக்காய் தீர்ந்து வெங்காயத்துக்கு வந்தார்கள். வெங்காயமும் தீர்ந்தது. கயிற்றுக்குள் கோகிலாவின் விரல் அதே இடத்தில் போய் வந்தது. டெய்லர் வீட்டுப் பிள்ளை குப்புற விழுந்து தலையைத் தூக்கிச் சிரித்தது. டெய்லர் அதை வேண்டுமென்றே வாசலில் போட்டுச் சிரிக்க வைத்தான்.

ஒருநாள் மத்தியானம் கொல்லைப்புற வாசலில் ஒரு பெயர் வந்து நின்றது. யாரும் சொல்லி அனுப்பவில்லை. கால் முழுக்கப் புழுதி.

"பலகாரமெல்லாம் வேண்டாங்க. நீச்சத்தண்ணி இருந்தா ஒரு சொம்பு குடுங்க" என்றது.

கோகிலா பழையசோற்றுத் தண்ணீரை மொண்டு கொடுத்தாள். குடித்துவிட்டுச் சொம்பைக் கழுவிக் கவிழ்த்து வைத்தது. அதன் பிறகுதான் தன்னைச் சொன்னது. போதும்பொண்ணு.

அந்தப் பெயரைக் கோகிலாவுக்குத் தெரியும். அந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். வரிசையாகப் பெண்ணாகப் பிறக்கும் வீடுகளில், அடுத்ததாவது பையனாக இருக்கட்டும் என்று போய்க் கூட்டிவருவார்கள். பையன் பிறந்த பிறகு அதைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

செங்கோடன் துண்டைக் கையில் போட்டு நீட்டினான். போதும்பொண்ணு சட்டென்று துண்டுக்கடியில் கையை விட்டது. அவன் ஒரு விரலைப் பிடித்தான். அது இரண்டு விரலை மடக்கியது. அவன் நிமிர்ந்து பார்த்தான். இத்தனை பெயர்களில் பேரம் தெரிந்த ஒரே பெயர் அதுதான்.

"விடுங்க" என்றாள் கோகிலா. "எம்புள்ளையக் கூப்புடறப்ப எல்லாம் ஊரே போதும் போதும்னு சொல்லணுமா? இது எனக்கு மொதப் புள்ள. எனக்குப் போதலீங்க. தூங்காட்டியும் பரவால்ல, இந்தப் பேரு வேண்டாம்."

"தூங்காட்டிப் பரவால்லயா? நீதான தினமும் கயித்தைப் புடிச்சுப் பாத்துட்டுக் கண்ணைக் கசக்கற?"

"கசக்குவேன். அதுக்கோசரம் இந்தப் பேரா?"

போதும்பொண்ணுக்குக் கோபம் வரவில்லை. "அம்மிணி சொல்றது சரிதானுங்க. நானா இருந்தாலும் இதத்தான் சொல்லியிருப்பேன்" என்றது. போக வேறு இடம் இல்லாததால் மாட்டுக்கொட்டகைக்குப் போய்த் மாட்டுக்குச் சோளத்தட்டு வெட்ட உட்கார்ந்தது. நன்றாக வெட்டியது.

அன்று சாயங்காலம் செங்கோடன் ஒரு பச்சைமிளகாயை வாயில் போட்டு மென்றுகொண்டு வாசற்படியில் நின்றான். உறக்கத்தோடு அதுவரை அந்த ஊரில் யாரும் பேசியதில்லை. கூப்பிட்டதும் தூங்கிப் போவார்கள், பேச்சு எங்கே நடக்கும்? அதற்குத்தான் மிளகாய். கோகிலாவும் ஒன்றைக் கடித்துக்கொண்டு, பிள்ளையை மடியில் வைத்து அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

உறக்கம் வந்தது. நாற்பதைத் தாண்டிய பொம்பளை. தேய்ந்த ரப்பர் செருப்பு. கழுத்தில் ஒரு மப்ளர் சுற்றியிருந்தாள்.

"செங்கோடா" என்றாள்.

"தூங்க வரல. பேசோணும்" என்றான் அவன், கண்ணில் தண்ணீர் வழிய. "இந்தப் புள்ளையையும் ஒரு சத்தம் கூப்புட்டுட்டுப் போ."

"பேரச் சொல்லு."

"பேரில்ல."

"அப்பறம் எதக் கூப்புடறது? வழிய விடு. ஊரு பூராப் பாக்கி இருக்குது."

குறை சொல்லாமல் செங்கோடனுக்கு வாய் நிற்காது. "தொண்டை கட்டிக் கெடக்குது, செருப்பு பிஞ்சு கெடக்குது, கண்ணுக்குக் கீழ கரிச்சட்டி மாதிரிக் கறுத்துக் கெடக்குது. இந்த லட்சணத்துல நீ ஊரைத் தூங்க வெக்கற. நீ எப்பத் தூங்குன?"

உறக்கம் மப்ளரை இழுத்துச் சுற்றிக்கொண்டாள்.

"என்ன யாரு கூப்புடறா?" என்றாள்.

"உம் பேரென்ன?"

"பேரில்ல."

"உறக்கம்னுதான சொல்றாங்க?"

"அது வேலை. தபால்காரன்னா அது பேரா? எங்கூட யாரும் பேசுனதில்ல, எனக்குப் பேரு வர்றதுக்கு."

செங்கோடனுக்குச் சந்தையில் வரும் சுறுசுறுப்பு வந்துவிட்டது. விலை போகாத இரண்டை ஒரே கயிற்றில் கட்டி ஓட்டிவிடுவதில் அவனை மிஞ்ச அந்த ஜில்லாவில் ஆள் இல்லை. பழக்கதோஷத்தில் துண்டை உதறித் தோளில் போட்டு முதுகைத் திருப்பப் போனான். கோகிலா துண்டின் நுனியைப் பிடித்தாள்.

"இன்னொருக்கா முதுகக் காட்டுனீங்கன்னா நாளைக்கே எங்கண்ணன் ஊட்டுக்குப் போயிருவேன்" என்றாள். உறக்கத்தைப் பார்த்தாள். "அக்கா, பேரு நாங்க தர்றோம். கூப்புடவும் செய்யறோம். எம்புள்ளைய மடியில வெச்சுட்டுத் தூங்குவீங்களா?"

"நான் முழிச்சிருக்கற வரைக்கும் எம்மடியும் முழிச்சிருக்கும். நான் தூங்குனா மேல பட்டதெல்லாம் தூங்கும். அதுக்குப் பேரு வேண்டியதில்ல" என்றாள் உறக்கம். "சரி."

செங்கோடன் பதிலுக்கு ஒன்றும் கேட்கவில்லை. வாயில் வந்ததை மிளகாயோடு சேர்த்து விழுங்கினான். வாழ்க்கையில் முதல் தடவையாக, முதல் பேச்சுக்கே தலையாட்டினான். 

கொட்டகையிலிருந்து போதும்பொண்ணைக் கூட்டிவந்தார்கள். கையைத் துடைத்துக்கொண்டே வந்து, உறக்கத்தை ஏற இறங்கப் பார்த்தது. பிள்ளை பார்க்கும் வழக்கப்படி எதையாவது கொடுக்க வேண்டுமே என்று கோகிலா ஒரு வெல்லக்கட்டியைத் தட்டில் வைத்து நீட்டினாள். பெயர் அதைத் தொடவில்லை.

"இதுக்கடுத்து ஆம்பள உறக்கம் வேணும்னு என்னக் கேக்கறீங்களா?" என்றது.

"இல்ல" என்றான் செங்கோடன்.

"பின்ன?"

"இதுக்குத்தான்."

"இதுக்கேவா?"

"இதுக்கேதான்."

போதும்பொண்ணு இன்னொரு தடவை உறக்கத்தைப் பார்த்தது. வெல்லக்கட்டியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டது. "பிடிச்சிருக்குதுங்க" என்றது. அப்படியே தங்கிவிட்டது.

உறக்கம் வாசற்படியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினாள். கோகிலா பிள்ளையை அவள் மடியில் கிடத்தி, தானும் ஒட்டி உட்கார்ந்தாள். உறக்கம் ஊரை எப்படி இழுத்துக் கூப்பிடுவாளோ அதே மாதிரி கோகிலா, "போதும்பொண்ணு" என்று கூப்பிட்டாள்.

உறக்கத்தின் தலை தூணில் சாய்ந்தது. பிள்ளையின் ஒரு கண் மூடியது. மற்றது கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு மூடியது. கோகிலாவின் தலை உறக்கத்தின் தோளில் விழுந்தது. அரைஞாண்கயிறு பட்டென்று அறுந்தது.

கூப்பிட ஆள் வராததால் ஊர் முழித்துக்கொண்டு கிடந்தது. கொஞ்ச நேரத்தில் ஒவ்வொருவராகச் செங்கோடன் வீட்டு வேலியோரம் வந்து நின்றார்கள். டெய்லர் சிணுங்குகிற பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டு முன்னால் நின்றான்.

"என்ன பேருய்யா வெச்ச, புள்ள இப்படித் தூங்குது?"

"வெக்கல."

"பேரில்லாம எப்படி?"

"தூங்குது பாரு, அப்படி."

"இது அநியாயம் செங்கோடா. ஒரு ஊட்டுக்கே உறக்கத்த வெச்சுக்கிட்டா மத்தவங்க என்ன பண்றது?"

"எம்புள்ள ஓட்டைப் பாத்துட்டுக் கெடந்தப்ப நீ என்ன பண்ணுன? உம்புள்ளைய வாசல்ல போட்டுச் சிரிக்க வெச்ச. இப்பவும் சிரிக்க வெய்யி, போ." செங்கோடன் அவர்கள் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லித் திட்டினான். குரலை உயர்த்தாமல், மூச்சுக்குள்ளேயே திட்டினான். பிள்ளை எழுந்துவிடக் கூடாது. திட்டு வாங்கியவர்களும் அதே மாதிரி கிசுகிசுவென்று பதில் திட்டினார்கள். கடைசியில் அவரவர் வீட்டுக்குப் போய்க் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு படுத்தார்கள்.

கிழக்கு வெளுத்தபோது சேவல்கள் வந்தன. ஊரில் எழுப்புவதற்கு வேறு ஆள் இல்லாததால் எல்லாச் சேவல்களும் அங்கேயே வரவேண்டியிருந்தது. படியில் தொடங்கி வேலியைத் தாண்டிக் கிணற்றுமேடு வரைக்கும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. முன்னால் நின்ற சேவல் கழுத்தை நீட்டித் தொண்டையைச் செருமியது.

செங்கோடன் மகளைப் பார்த்தான். கால்கள் உறக்கத்தின் மடியைத் தாண்டி இரண்டாம் படிக்கு நீண்டிருந்தன. கைகள் வளர்ந்து முடிந்துவிட்டன. பாதங்கள் மட்டும் இன்னும் வந்துகொண்டிருந்தன.

"பாதம் பாக்கி இருக்குதுங்க. கொஞ்சம் பொறுங்க" என்றான்.

சேவல் எட்டிப் பார்த்தது. திரும்பி, பின்னால் நின்ற சேவலிடம் விஷயத்தைச் சொன்னது. அது அதற்குப் பின்னால் நின்றதிடம் சொன்னது. சேதி கிணற்றுமேட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் எல்லாம் உட்கார்ந்தன.